"எரேஸ் ஃபிளாஷ்" கொடுத்துவிட்டார்கள்: 1841, 2811 ரவுட்டர்களை மீட்பது எப்படி?

பாலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு பாலிடெக்னிக்கின் நெட்வொர்க் ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. சிஸ்கோ 1841 மூன்று, 2811 இரண்டு. எல்லாமே பழைய சரக்கு. ஆனாலும் மாணவர்கள் கட்டளைத் திரையில் கைபழக இவற்றைவிட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

செய்முறை வகுப்பு முடிந்ததும், எழுதிய அமைப்புகளை (கான்ஃபிக்) அழிக்க "எரேஸ் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" கொடுத்து, பிறகு மறுதொடக்கத்துக்கு "ரீலோட்" கொடுத்துவிட்டு எழுந்திருப்பது வழக்கம். இன்று இரண்டு மேசைகளில், ரவுட்டரின் இயக்க மென்பொருள் இருக்கும் நினைவகத்தையே அழிக்கும் "எரேஸ் ஃபிளாஷ்" கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கட்டளைக்கும் திரையில் வரும் எச்சரிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் என்விராம் என்று இருக்கிறது, மற்றதில் ஃபிளாஷ் என்று இருக்கிறது. கேள்விக்கு என்டர் தட்டினாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது.

இப்போதைய நிலை இது. ஒரு 1841 ரீலோட் ஆகிவிட்டது. ஃபிளாஷில் முதல் கோப்பு எது என்று கண்டறிய முடியவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு "ரோம்மான் 1 >" என்று, ரவுட்டரின் அவசரத் தொடக்க நிலையில் நிற்கிறது. இன்னொரு மேசையில் இருந்த 2811-ஐ ரீலோட் செய்வதற்குள் பார்த்துத் தடுத்துவிட்டேன். ஃபிளாஷ் காலி என்று காட்டுகிறது, ஆனால் ரவுட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, பிங் (இணைப்புச் சோதனை) கூடப் போகிறது. மீதி மூன்றும் நலம். திங்கட்கிழமை அடுத்த வகுப்பு. எங்கிருந்து தொடங்குவது?

கம்பிவடம் எழுதியது:

முதலில் அந்த 2811. அதை அணைக்காதீர்கள், ரீலோட் செய்யாதீர்கள், பிளக்கை யாரும் பிடுங்காதபடி ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். யுபிஎஸ் இருந்தால் இப்போதே அதில் மாற்றுங்கள். ஆனால் மாற்றும்போது மின்சாரம் ஒரு நொடி விட்டுப்போகும் என்றால் அந்த வேலையே வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த வகை ரவுட்டரில் ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயக்க மென்பொருள்) சுருக்கிய ஒரே கோப்பாக ஃபிளாஷில் இருக்கும். இயக்கும்போது அதை ராமுக்கு எடுத்து, விரித்து, அங்கிருந்தே ஓடும். அதன் பிறகு ஃபிளாஷ் காலியானாலும் ஓடுகிற பிரதிக்கு எதுவும் ஆகாது. அதனால்தான் உங்கள் 2811 இன்னும் பிங்குக்குப் பதில் சொல்கிறது. மின்சாரம் போகிற வரை அது முழுமையான ரவுட்டர். அதைக்கொண்டே அதன் ஃபிளாஷை நிரப்பிக்கொள்ளலாம்.

உங்களிடம் நலமான இன்னொரு 2811 இருப்பது பெரிய வசதி. கணினியே வேண்டாம், அந்த ரவுட்டரையே டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) சர்வராக்கிவிடலாம். நலமான ரவுட்டரில் "ஷோ ஃபிளாஷ்" கொடுத்துக் கோப்பின் பெயரை ஓர் எழுத்துக்கூட மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கான்ஃபிக் நிலைக்குப் போய் "டிஎஃப்டிபி-சர்வர் ஃபிளாஷ்:" என்று எழுதி, ஒட்டினாற்போல் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். இரண்டு ரவுட்டரின் முதல் ஈதர்நெட் போர்ட்டையும் கிராஸ்ஓவர் கேபிளால் (அனுப்பும், பெறும் கம்பிகள் இடம் மாறியது) இணையுங்கள். ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2, மாஸ்க் 255.255.255.0. இரண்டிலும் "நோ ஷட்டவுன்". பிங் போனதும் ஃபிளாஷ் காலியான ரவுட்டரில் "காப்பி டிஎஃப்டிபி ஃபிளாஷ்". சர்வர் முகவரி, கோப்பின் பெயர் இரண்டையும் கேட்கும். ஆச்சரியக்குறிகள் வரிசையாக ஓடினால் கோப்பு வந்துகொண்டிருக்கிறது. நடுவே புள்ளிகள் விழுந்தால் பொட்டலம் தவறுகிறது, கேபிளைப் பாருங்கள்.

முடிந்ததும் "ஷோ ஃபிளாஷ்" கொடுத்து, கோப்பின் அளவு இரண்டு ரவுட்டரிலும் பைட் கணக்கில் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் மட்டுமே ரீலோட்.

1841-க்கு அவசரமில்லை. அதற்கு இனிமேல் கெடுவதற்கு ஒன்றும் இல்லை.

இளவேனில் எழுதியது:

கம்பிவடம் ஐயா, ஒரு சந்தேகம். ஃபிளாஷ் அழிந்தாலும் ரவுட்டர் ஓடும் என்பது எல்லா மாடலுக்கும் பொருந்துமா? பழைய 2500 வரிசையில் இப்படி இல்லை என்று எங்கள் ஆசிரியர் சொன்னது நினைவிருக்கிறது.

கம்பிவடம் எழுதியது:

உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. 2500 வரிசை ஐஓஎஸை ஃபிளாஷிலிருந்தே நேரடியாக ஓட்டும். ஓடும்போது அந்த ஃபிளாஷில் எழுதவே விடாது. புதிய கோப்பை ஏற்ற வேண்டுமானால் பூட் ரோமில் இருக்கும் சிறிய ஐஓஎஸுக்கு முதலில் இறங்க வேண்டும். 1841, 2811 அப்படியல்ல. கோப்பின் பெயரிலேயே இதற்கு அடையாளம் உண்டு. நடுவில் "எம்இசட்" என்று இருக்கும். எம் என்றால் ராமில் ஓடுவது, இசட் என்றால் சுருக்கப்பட்டது.

வடபழனி எழுதியது:

1841-க்கு எக்ஸ்மோடம் போதும், கன்சோல் (ரவுட்டருக்குக் கட்டளை கொடுக்கும் சீரியல் போர்ட்) வழியாகக் கோப்பு அனுப்பும் முறை அது. கன்சோல் கேபிள் மட்டும் இருந்தால் வேலை முடிந்தது. முகவரி கொடுக்க வேண்டாம், சர்வர் வேண்டாம், ஃபயர்வால் தொல்லை இல்லை. ரோம்மானில் "எக்ஸ்மோடம்", அடுத்துக் கோடும் சி என்ற எழுத்தும், பிறகு கோப்பின் பெயர். கணினியில் டெரா டெர்ம் என்ற முனைய மென்பொருளில் அனுப்பு என்று கொடுத்தால் ஏறிவிடும். எத்தனையோ ரவுட்டர்களை இப்படித்தான் நான் மீட்டிருக்கிறேன். புட்டியில் எக்ஸ்மோடம் கிடையாது, அதை மட்டும் கவனியுங்கள். லினக்ஸ் என்றால் மினிகாம்.

கம்பிவடம் எழுதியது:

வடபழனி நண்பரே, எக்ஸ்மோடம் வேலை செய்யும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். கன்சோலின் இயல்பான வேகம் 9600. ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்துப் பத்து பிட் போகிறது, அதாவது நொடிக்கு 960 பைட். 1841-இன் கோப்பு சுமார் 30 எம்பி என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு முழுக்க ஓடவிட்டு, விடியும்போது மடிக்கணினி உறக்கநிலைக்குப் போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

வேகத்தை 115200-க்கு உயர்த்தினால் முக்கால் மணி நேரமும் அதற்குச் சற்றுக் கூடவும் ஆகும். ரோம்மானில் "கான்ஃப்ரெக்" என்று மட்டும் கொடுத்தால் கேள்வி கேள்வியாக வரும். கன்சோல் வேகத்தை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் ஆம் என்று சொல்லி 115200-ஐத் தேர்ந்தெடுத்து, "ரீசெட்" கொடுத்து, கணினியிலும் அதே வேகத்தை வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழைய வேகத்துக்குத் திருப்ப வேண்டும்.

ஈதர்நெட் போர்ட் நன்றாக இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு? ரோம்மானுக்குள்ளேயே டிஎஃப்டிபி வழியாக இறக்கும் கட்டளை இருக்கிறது. டிஎஃப்டிபி, டிஎன்எல்டி என்ற இரண்டு எழுத்துத் தொகுப்பையும் இடைவெளி இல்லாமல் சிறிய எழுத்தில் சேர்த்து எழுத வேண்டும். அதற்கு முன் ஐந்து மதிப்புகளைக் கொடுக்க வேண்டும்: ஐபி அட்ரஸ், ஐபி சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே, டிஎஃப்டிபி சர்வர், டிஎஃப்டிபி ஃபைல். ஐந்தும் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. பிறகு சமக்குறி, ஒட்டினாற்போல் மதிப்பு. சமக்குறிக்கு எந்தப் பக்கமும் இடைவெளி விடக்கூடாது. பலருக்குச் சிக்குவது அங்கேதான். இடைவெளி விட்டால் அந்த மதிப்பு பதியாது. "செட்" என்று கொடுத்துப் பார்த்தால் எது பதிந்தது, எது பதியவில்லை என்று தெரிந்துவிடும்.

ஒரே வலையமைப்புக்குள் நேராக இணைப்பதால் கேட்வேக்குச் சர்வரின் முகவரியையே கொடுத்துவிடலாம். காலியாக விட்டால் ஒப்புக்கொள்ளாது.

கட்டளையைக் கொடுத்ததும் ஃபிளாஷில் இருக்கும் எல்லாம் அழியும் என்று எச்சரிக்கும். உங்களிடம் அழிய ஒன்றுமில்லை, தயங்காமல் சம்மதம் கொடுங்கள். கோப்பு முழுவதும் முதலில் ராமுக்கு வரும், பிறகுதான் ஃபிளாஷில் எழுதும். எழுதும் நேரத்தில் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையாக இருக்க விரும்பினால் கட்டளைக்குப் பின் ஒரு கோடும் ஆர் என்ற எழுத்தும் சேருங்கள். அப்போது ஃபிளாஷைத் தொடாமல் ராமில் ஏற்றி நேராக ஐஓஎஸை இயக்கிவிடும். அங்கிருந்து "காப்பி டிஎஃப்டிபி ஃபிளாஷ்" கொடுத்து நிதானமாக நிரப்பலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் அந்தக் கோப்பு இந்த ரவுட்டரில் ஓடுகிறதா, ராம் போதுமா என்பது எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

பாலக்கரை எழுதியது:

கம்பிவடம் ஐயாவுக்கு மிக்க நன்றி. 2811 மீண்டுவிட்டது. அளவு பைட் மாறாமல் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகே ரீலோட் கொடுத்தேன், நேராக எழுந்துவந்தது.

1841-தான் படுத்துகிறது. முதலில் வடபழனி சொன்னதைக் கேட்டு வேகத்தை 115200-க்கு மாற்றி எக்ஸ்மோடம் தொடங்கினேன். பாதியில் யுஎஸ்பி-சீரியல் கேபிள் விட்டுப்போனது. அதனால் டிஎஃப்டிபிக்கு மாறினேன். நலமான 1841-ஐச் சர்வராக்கி, இரண்டையும் ஆய்வகத்துச் சுவிட்சில் செருகினேன். ஐந்து மதிப்பும் சரியாகப் பதிந்திருக்கின்றன, "செட்" கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் கட்டளை கொடுத்தால் ஏஆர்பிக்கு (சர்வரின் வன்பொருள் முகவரியைக் கேட்கும் கேள்விக்கு) பதில் வரவில்லை என்று நின்றுவிடுகிறது. நலமான ரவுட்டரிலிருந்து பிங் அடித்தாலும் இந்த 1841 பதில் சொல்வதில்லை. போர்ட்டே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

இளவேனில் எழுதியது:

ரோம்மானில் பிங்குக்குப் பதில் வராதது இயல்புதான் அண்ணா. அங்கே முழு ஐஓஎஸ் இல்லை. இறக்கும் கட்டளை ஓடும்போது மட்டும்தான் போர்ட் உயிர்பெறும். அதை வைத்துப் போர்ட் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

எனக்குச் சுவிட்ச் மேல்தான் சந்தேகம். ஸ்பானிங் ட்ரீ (பொட்டலங்கள் சுற்றிச் சுழலாமல் தடுக்கும் ஏற்பாடு) ஓடும் சுவிட்சில் ஒரு போர்ட் எழுந்ததும் சுமார் 30 நொடி அது பொட்டலம் எதையும் விடாது. ரவுட்டர் போர்ட் எழுந்து, ஏஆர்பி கேட்டு, பதில் வராமல் கைவிடுவதற்குள் அந்த 30 நொடி முடிந்திருக்காது. சுவிட்சை நடுவிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு ரவுட்டரையும் நேராக இணைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் போர்ட்டில் இந்தக் காத்திருப்பை நீக்கும் "போர்ட்ஃபாஸ்ட்" கொடுங்கள்.

கம்பிவடம் எழுதியது:

இளவேனில் சொன்னதுதான் காரணமாக இருக்க வேண்டும். நேராக இணைக்கும்போது கிராஸ்ஓவர் கேபிள் கட்டாயம். 1841-இன் ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட் கேபிளின் வகையைத் தானாக உணர்ந்து மாற்றிக்கொள்ளாது. இன்றைய மடிக்கணினியோடு இணைத்தால் சாதாரண கேபிளே போதும், அந்தப் பக்கம் தானாகச் சரிசெய்துகொள்ளும். இரண்டு பழைய ரவுட்டர்களுக்கு நடுவே அந்த வசதி இல்லை. 1841-இல் இரண்டு போர்ட் உண்டு. பூஜ்யம் என்று எண்ணிட்ட முதல் போர்ட்டில்தான் செருக வேண்டும்.

மருதமுத்து_2 எழுதியது:

இவ்வளவு அலைவதற்கு இணையத்தில் கோப்பைத் தேடி எடுத்துவிடலாமே? ஐஓஎஸ் கோப்புகளைக் குவித்துவைத்திருக்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. புதிய பதிப்பாகவே போட்டுவிடலாம்.

கம்பிவடம் எழுதியது:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உரிமம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

2015 செப்டம்பரில் ஃபயர்ஐ நிறுவனத்தின் மாண்டியண்ட் குழு "சின்ஃபுல் நாக்" என்ற ஊடுருவலை வெளிப்படுத்தியது. சிஸ்கோ ரவுட்டரின் ஐஓஎஸ் கோப்பையே திருத்தி, அதற்குள் கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். கோப்பு ஃபிளாஷில் இருப்பதால் ரீலோட் செய்தாலும் போகாது. உக்ரைன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 14 ரவுட்டர்களில் கண்டதாக அறிவித்தார்கள். எந்த மாடல்கள் தெரியுமா? 1841, 2811, 3825. இந்த இழையில் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே பெட்டிகள். அங்கே உள்ளே நுழைந்தவர்கள் கோப்பை மாற்றினார்கள். முகம் தெரியாத ஒருவர் ஏற்றிவைத்த கோப்பை நாமே கொண்டுவந்து ஃபிளாஷில் போட்டால் அவர்களுக்கு அந்த வேலைகூட மிச்சம்.

ஆய்வக ரவுட்டரில் என்ன போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அது கல்லூரியின் வலையமைப்போடு ஏதாவது ஒரு நாள் இணைக்கப்படும். கோப்பு இரண்டு இடங்களிலிருந்து மட்டுமே வரலாம்: ஒப்பந்தக் கணக்கு வழியாக சிஸ்கோவின் தளம், அல்லது நீங்கள் நம்பும் அதே மாடல் ரவுட்டர். சிஸ்கோ தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்றது) கொடுத்திருப்பார்கள். ரவுட்டரில் "வெரிஃபை", சாய்கோடு, எம்டி5, கோப்பின் பெயர் என்று கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புதிய பதிப்பு வேண்டும் என்றால் அதற்கு ராம் எவ்வளவு தேவை, ஃபிளாஷ் எவ்வளவு தேவை என்று முதலில் பார்க்க வேண்டும். 2811-க்கான கோப்பு 1841-இல் ஓடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

வடபழனி எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஈதர்நெட் போர்ட் இல்லாமல் போனால்தான் எக்ஸ்மோடம். ஆனால் இன்னொரு எளிய வழியை யாருமே சொல்லவில்லை. 1841, 2811 இரண்டிலும் ஃபிளாஷ் என்பது பின்பக்கம் செருகியிருக்கும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைதானே? பொத்தானை அழுத்தினால் வெளியே வந்துவிடும். யுஎஸ்பி அட்டைப் படிப்பானில் போட்டுக் கணினியில் கோப்பை நகலெடுத்துவிட்டுத் திரும்பச் செருகினால் முடிந்தது. கேபிளும் வேண்டாம், முகவரியும் வேண்டாம்.

கணினியில் அட்டையை ஃபார்மட் செய்தால் எஃப்ஏடி16 என்பதைத் தேர்ந்தெடுங்கள், எஃப்ஏடி32 வேண்டாம். அட்டையில் அந்த ஒரு கோப்பு மட்டும் இருக்கட்டும். கான்ஃபிகில் எதையும் குறிப்பிடவில்லை என்றால் ஃபிளாஷில் முதலில் இருக்கும் கோப்பைத்தான் ரவுட்டர் இயக்கப் பார்க்கும். செருகிய பின் ரோம்மானில் "டிர் ஃபிளாஷ்:" கொடுத்துக் கோப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு "பூட்".

கம்பிவடம் எழுதியது:

படிப்பான் கையில் இருந்தால் இதைவிட விரைவான வழி இல்லை, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய வழி. ஒரே எச்சரிக்கை: அட்டையின் விளக்கு எரியும்போது உருவாதீர்கள்.

பாலக்கரை எழுதியது:

1841 எழுந்துவிட்டது! படிப்பான் இல்லாததால் கிராஸ்ஓவர் கேபிளில் நேராக இணைத்து டிஎஃப்டிபி கொடுத்தேன். ஆச்சரியக்குறிகள் திரையை நிரப்பிக்கொண்டு ஓடியதைப் பார்த்தபோது இருந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. இளவேனிலுக்குத் தனி நன்றி.

இரண்டு கேள்விகள். ஒன்று, கன்சோலை 9600-இல் திறந்தால் திரை முழுக்கப் புரியாத குறிகள் வருகின்றன. இரண்டு, ஐஓஎஸ் போனபோது கான்ஃபிகும் போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மாணவர்கள் எழுதிய முகவரிகள் அப்படியே இருக்கின்றன. எப்படி?

இளவேனில் எழுதியது:

குறிகளுக்குக் காரணம் எக்ஸ்மோடத்துக்காக நீங்கள் மாற்றிய 115200 வேகம். அது ரவுட்டரின் தொடக்க அமைப்பு எண்ணான ரெஜிஸ்டரில் பதிந்துவிட்டது. கணினியில் 115200-இல் திறந்து, கான்ஃபிக் நிலையில் "கான்ஃபிக்-ரெஜிஸ்டர்" என்று கொடுத்து ஹெக்ஸ் 2102 என்ற மதிப்பை வையுங்கள். ரீலோட் ஆனதும் 9600-க்குத் திரும்பிவிடும். "ஷோ வெர்ஷன்" கடைசி வரியில் 2102 என்று இருந்தால் எல்லாம் சரி. 2142 என்று இருந்தால் கடவுச்சொல் மீட்டபோது யாரோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது சேமித்த கான்ஃபிகைப் படிக்காமலே ரவுட்டர் எழும்.

கான்ஃபிக் இருப்பது என்விராம் என்ற தனி நினைவகத்தில். ஃபிளாஷை அழித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மாணவர்கள் கட்டளையை மாற்றிக் கொடுத்ததால், அழிய வேண்டியது தப்பித்துவிட்டது.

கம்பிவடம் எழுதியது:

சுவிட்சுகளிலும் இப்படித்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டலிஸ்ட் 2960 போன்றவற்றில் சேமித்த கான்ஃபிகும் வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த மெய்நிகர் வலையமைப்பு) பட்டியலும் ஃபிளாஷிலேயே கோப்புகளாக இருக்கும். அங்கே ஃபிளாஷை ஃபார்மட் செய்தால் ஐஓஎஸோடு எல்லாம் போய்விடும். மீட்பதும் வேறு மாதிரி. மோட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் "சுவிட்ச்:" என்ற நிலைக்கு வரும். அங்கே "ஃபிளாஷ் இனிட்" கொடுத்து, பிறகு எக்ஸ்மோடம் வழியாக நகலெடுக்க வேண்டும். வடபழனியின் கைப்பழக்கம் அங்கே நன்றாக உதவும்.

தொண்டி எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். வீட்டில் டிபி-லிங்க் 841 ஒன்று இருக்கிறது. ஃபர்ம்வேர் ஏற்றும்போது மின்சாரம் போனதிலிருந்து விளக்கு மட்டும் மினுக்குகிறது. அதற்கும் இந்த வழி உதவுமா?

கம்பிவடம் எழுதியது:

கருத்து ஒன்றுதான், செய்முறை வேறு. வீட்டு ரவுட்டரிலும் பூட்லோடர் தனியாக இருக்கிறது. டிபி-லிங்கின் பல மாடல்களில் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், அது 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு டிஎஃப்டிபி சர்வரைத் தேடும். கணினிக்கு அந்த முகவரியைக் கொடுத்து, ஃபயர்வாலில் யுடிபி 69-ஐத் திறந்து, அது கேட்கும் பெயரில் கோப்பை வைக்க வேண்டும். பெயர் ஒவ்வொரு வன்பொருள் பதிப்புக்கும் மாறும். சர்வரின் பதிவில் அது என்ன பெயரைக் கேட்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தனி இழை தொடங்குங்கள், பெட்டியின் அடியில் இருக்கும் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள், அங்கே விரிவாகப் பார்க்கலாம்.

பாலக்கரை எழுதியது:

ரெஜிஸ்டரை 2102 ஆக்கிவிட்டேன், கன்சோல் 9600-இல் தெளிவாக வருகிறது. நலமான 1841-இன் கோப்புக்கும் இப்போது ஏற்றிய கோப்புக்கும் எம்டி5 எடுத்து ஒப்பிட்டேன், கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்கிறது. இரண்டு மாடலின் கோப்புகளையும் ஆய்வகக் கணினியில் நகலெடுத்து வைத்திருக்கிறேன், கிராஸ்ஓவர் கேபிள் ஒன்றையும் அலமாரியில் தனியாகக் கட்டிவைத்துவிட்டேன். ரோம்மானிலிருந்து மீட்பதையே அடுத்த பருவத்துக்கு ஒரு செய்முறைப் பயிற்சியாக வைக்கத் துறைத்தலைவரிடம் கேட்கப்போகிறேன். மேற்பார்வையாளர் இந்த இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடலாம்.